கிதார் பயில்வோனுக்கு முதற்பாட்டு

கிதார் வாத்தியத்தைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்குச் சில வாரங்களுக்குள்ளேயே ஒரு விசித்திரமான அநுபவம் நேருகிறது. காதுக்கு ஒரே அளவு எளிமையாக ஒலிக்கும் இரண்டு பாடல்களுள் ஒன்று ஒரு வாரச் சாதகத்திலேயே விரலுக்கு வசப்பட்டுவிட, மற்றொன்று ஒரு மாதம் விடாமல் முயன்ற பின்னும் தட்டுத் தடுமாறியே நிற்கிறது. அதனினும் விநோதமானது, வசப்பட்ட பாடலையே வேறொரு சுருதியில் வாசிக்கப் புகும்போது நேர்வது. ஐந்து கட்டையில் பாடிய ஒரு பாட்டை இரண்டரைக் கட்டைக்கு மாற்றிக்கொள்ளும் பாடகருக்குக் குரலின் சௌகரியம் ஒன்றே பிரச்சினை. பாட்டில் ஒரு ஸ்வரம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கிதார் பயில்கிறவருக்கோ, நேற்று வரை சுலபமாக வாசித்த பாட்டு, சுருதி மாறிய மாத்திரத்தில் முற்றிலும் புதியதொரு பாட்டாகிவிடுகிறது. விரல்கள் போய்ச் சேரவேண்டிய இடங்கள் யாவும் மாறிவிடுகின்றன.

"எளிய பாட்டாகப் பார்த்து ஆரம்பியுங்கள்" என்று எந்த ஆசிரியரும் சொல்வார். ஆனால் எளிமை என்பது பாட்டின் எந்தப் பாகத்தில் குடிகொண்டிருக்கிறது? வர்ணமெட்டின் அமைப்பிலா, நடையின் நிதானத்திலா, ஸ்வரங்கள் குறைவாக இருப்பதிலா? இவற்றுள் எதுவும் நம்பத்தக்க அளவுகோல் அன்று என்பதும், கிதாரின் அமைப்பையும் மனிதக் கையின் இயல்பையும் சற்றே ஆராய்ந்தால் உண்மையான அளவுகோல் தானே புலப்படும் என்பதும் என் துணிபு. பயிற்சியைப் பாதியில் கைவிட்டவர்களுள் பலர், திறமைக் குறைவினால் அன்றிப் பொருந்தாத முதற்பாட்டினாலேயே மனம் தளர்ந்தவர்கள் என்று நம்புவதால், இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

வாத்தியத்திலிருந்து தொடங்குவோம். சாதாரண கிதாரில் ஆறு தந்திகள் உண்டு. இடது கை விரல் எதுவும் படாமல், திறந்த நிலையில் அவற்றை மீட்டினால், மிகத் தடித்த ஆறாம் தந்தி விநாடிக்குச் சுமார் 82 தடவையும், ஐந்தாவது 110 தடவையும், நான்காவது 147 தடவையும், மூன்றாவது 196 தடவையும், இரண்டாவது 247 தடவையும், மிக மெல்லிய முதல் தந்தி 330 தடவையும் அதிர்கின்றன. மேனாட்டு எழுத்துக் குறிகளில் இவற்றை முறையே ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பார்கள். நம் கட்டைக் கணக்கில் மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து, ஏழு, மீண்டும் மூன்று. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளை, வீணைக்காரர்கள் சொல்வதுபோலவே, மெட்டுகள் என்று சொல்வோம். ஒரு மெட்டை ஒட்டித் தந்தியை அழுத்தினால் அதிரும் பாகம் குறுகுகிறது. ஒவ்வொரு மெட்டுக்கும் ஸ்வரம் அரைக் கட்டை உயர்கிறது.

இந்த மெட்டுகளை எந்தக் கணக்கில் பதிப்பது என்பது ஐரோப்பிய வாத்தியக்காரர்களை நெடுங்காலம் வருத்திய பிரச்சினை. விஞ்ஞானி கலிலியோவின் தந்தையும், லூட் என்னும் தந்தி வாத்தியத்தில் வல்லவருமான வின்சென்சோ கலிலேயி, 1581-ல் வெளியிட்ட இசை நூலில் சுலபமானதொரு வழி சொன்னார்: தந்தியின் நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கைக் கழித்து முதல் மெட்டைப் பதிக்கவேண்டும், எஞ்சிய நீளத்தில் மறுபடி பதினெட்டில் ஒரு பங்கைக் கழித்து அடுத்ததைப் பதிக்கவேண்டும், இவ்வாறே மேலே செல்லவேண்டும். 650 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கிதார்த் தந்தியில் இப்படிச் செய்தால் முதல் மெட்டு 36 மில்லிமீட்டர் தூரத்தில் விழும். பன்னிரண்டு தடவை கழித்தபின் எஞ்சி நிற்பது சுமார் 327 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறையச் சரிபாதி. தந்தி பாதியானால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும் என்பது பழங்காலத்திலிருந்தே தெரிந்த உண்மை. இன்றைய கிதார்கள் இதைவிடச் சற்றுத் துல்லியமான விகிதத்தைப் பின்பற்றினாலும் தத்துவம் அதுவே: மெட்டுக்கு மெட்டு மாறாத ஒரே விகிதம்.

இதிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது. விகிதம் எங்கும் ஒன்றாக இருப்பதால், கழுத்தின் ஓரிடத்தில் விரல்கள் அமைக்கும் உருவத்தை அப்படியே மேலே நகர்த்தினால், அதே இசை உயர்ந்த சுருதியில் கிடைக்கவேண்டும். அப்படியானால் எல்லாச் சுருதிகளும் பயில்வோனுக்கு ஒரே சிரமத்தையோ ஒரே எளிமையையோ தரவேண்டும் அல்லவா? மெட்டுகளைப் பொறுத்தவரை அது மெய்யே. அவை எந்தச் சுருதிக்கும் பாரபட்சம் காட்டுவதில்லை. பாரபட்சம் காட்டுகிறவை திறந்த தந்திகள்.

அது எவ்வாறு என்று அறிய, கார்ட் என்று கிதார்க்காரர்கள் வழங்கும் பொருளைத் தெரிந்துகொள்ளவேண்டும். இக்கட்டுரையில் அதை ஸ்வரக்கூட்டு என்றும், சுருக்கமாகக் கூட்டு என்றும் அழைப்போம். ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்று ஸ்வரங்களைச் சேர்ந்தாற்போல் ஒலித்தால் பிறப்பது மேஜர் கூட்டு. அந்தர காந்தாரத்துக்குப் பதிலாக, அதற்கு அரைக் கட்டை தாழ்ந்த சாதாரண காந்தாரத்தை வைத்தால் அது மைனர் கூட்டாகிறது. முன்னதன் மூன்று ஸ்வரங்களின் அதிர்வு எண்கள் சற்றேறக்குறைய நான்குக்கு ஐந்து, ஐந்துக்கு ஆறு என்ற எளிய விகிதங்களில் அமைந்திருப்பதே அதன் இனிமைக்குக் காரணம் என்பர். கிதாரில் ஆறு தந்திகள் இருப்பதால், இந்த மூன்று ஸ்வரங்களுள் சில வெவ்வேறு ஸ்தாயிகளில் இரண்டு மூன்று தடவை வரும். பாடகர் பாட்டைப் பாட, அதன் அடியிலே இத்தகைய கூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே வருவதுதான் ஆரம்ப மாணவன் வாசிக்கும் கிதார் பக்கவாத்தியம்.

ஐந்து கட்டை ஜி-யை ஷட்ஜமாகக் கொண்டு சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களை எழுதிப் பார்த்தால், ஜி, ஏ, பி, சி, டி, ஈ, எஃப் ஷார்ப் என்று வரும். திறந்த தந்திகளின் ஸ்வரங்களான ஈ, ஏ, டி, ஜி, பி ஐந்தும் இவற்றுள் அடங்கிவிடுகின்றன. ஒரு கட்டையிலும் இரண்டு கட்டையிலும் இதே பாக்கியம் உண்டு. ஆகவே இந்தச் சுருதிகளில் வரும் கூட்டுகளில் சில தந்திகளை விரல் தொடவே வேண்டியதில்லை: ஜி மேஜர் கூட்டில் மூன்று தந்திகள் திறந்தே ஒலிக்கின்றன, ஈ மைனர் கூட்டில் நான்கு தந்திகள் திறந்திருக்க, இரண்டே விரல்கள் வேலை செய்கின்றன. இரண்டரைக் கட்டையில் நிலைமை தலைகீழ். அந்தச் சுருதியின் சங்கராபரணத்தில் திறந்த ஈ-க்கும் ஏ-க்கும் பி-க்கும் இடமே இல்லை. ஆறு தந்திகளுள் நான்கு பகை ஸ்வரங்களாகிவிடுகின்றன. அவற்றை அழுத்தி மாற்றவேண்டும், அல்லது ஒலிக்காமல் தடுக்கவேண்டும். நான்கு விரல்களால் ஆறு தந்திகளை ஆளவேண்டிய நெருக்கடியில், ஆட்காட்டி விரலையே ஒரு பட்டையைப்போல் கழுத்தின் குறுக்கே கிடத்தி எல்லாத் தந்திகளையும் ஒருங்கே அழுத்தும் பார் கார்ட் பிறக்கிறது. ஆரம்ப மாணவனின் விரல் சதையும் மணிக்கட்டும் அதற்குப் பழகியிருக்கமாட்டா.

இந்தத் தடையை நீக்க ஒரு சிறு கருவி உண்டு. கேப்போ என்னும் அந்தக் கவ்வியை ஒரு மெட்டுக்கு அருகில் பூட்டினால், அது எல்லாத் தந்திகளையும் அழுத்திக்கொள்ள, திறந்த தந்திகளின் சுருதி முழுவதும் உயர்ந்துவிடுகிறது. மூன்றாம் மெட்டில் அதைப் பூட்டி, ஒரு கட்டைக்குரிய எளிய உருவங்களை வாசித்தால், கேட்போர் காதில் விழுவது இரண்டரைக் கட்டை. இதை அனுபவமில்லாதவர்களின் குறுக்கு வழி என்று எள்ளுவோர் சிலரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் எண்ணம் பிழை. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1969-ல் 'ஹியர் கம்ஸ் தி சன்' பாடலை ஏழாம் மெட்டில் கேப்போ பூட்டியே வாசித்தார். அதே குழுவின் பால் மெக்கார்ட்னி 1965-ல் 'யெஸ்டர்டே' பாடலுக்குத் தந்திகள் யாவற்றையும் ஒரு கட்டை தளர்த்திவிட்டு, ஐந்து கட்டை உருவங்களால் நான்கு கட்டையில் வாசித்தார். ஆகவே பாட்டைத் தேரும்போது, அது ஒலிக்கும் சுருதியைவிட, அதை எந்த உருவங்களால் வாசிக்கலாம் என்பதையே முதலில் பார்க்கவேண்டும்.

உருவங்கள் எளியவையாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது, இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். தனித்தனியே எளிதாக அமையும் இரண்டு கூட்டுகளுக்கு இடையே விரல்கள் செல்லவேண்டிய வழி மிகக் கடினமாக இருக்கக்கூடும். சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குச் செல்வதைப் பாருங்கள். இரண்டுக்கும் சி, ஈ என்ற இரண்டு ஸ்வரங்கள் பொதுவானவை. ஆதலின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்க, ஐந்தாம் தந்தியில் மூன்றாம் மெட்டிலிருக்கும் மோதிர விரல் மட்டும் எழுந்து மூன்றாம் தந்தியின் இரண்டாம் மெட்டுக்கு வந்தால் போதும். சி மேஜரிலிருந்து டி மேஜருக்குச் செல்வதென்றால், மூன்று விரல்களும் ஒருங்கே எழுந்து, புதிய மூன்று இடங்களில் ஒரே கணத்தில் இறங்கவேண்டும். காதுக்கு இரண்டும் ஒரே மாதிரியான மாற்றங்கள். கைக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது.

இத்தகைய அசைவுகளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அளந்து பார்த்தவர் பால் ஃபிட்ஸ் என்னும் அமெரிக்க மனோதத்துவ நிபுணர். 1954-ல் வெளியான அவருடைய பரிசோதனையில், ஒரு மேஜைமீது இரண்டு உலோகத் தகடுகளை வைத்து, கையில் ஓர் எழுத்தாணி போன்ற கோலைக் கொடுத்து, இரண்டையும் மாறி மாறி இயன்ற வேகத்தில் தொடும்படி மனிதர்களைக் கேட்டார். தகடுகளின் தூரத்தையும் அகலத்தையும் பலவாறு மாற்றிப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு வெளிப்பட்டது: தூரம் கூடினாலும், தகடு ஒடுங்கினாலும் நேரம் கூடுகிறது, தூரத்தையும் அகலத்தையும் சேர்ந்தாற்போல் இரட்டித்தால் நேரம் பெரும்பாலும் மாறுவதில்லை. அதாவது, எவ்வளவு தொலைவு செல்லவேண்டும் என்பதோடு, எவ்வளவு சிறிய இடத்தில் இறங்கவேண்டும் என்பதும் சரிசமமாகக் கணக்கில் சேருகிறது. கிதாரின் கழுத்துத் தலைப்பில் தந்திக்கும் தந்திக்கும் இடைவெளி ஏறக்குறைய 7 மில்லிமீட்டரே. அந்த ஒடுங்கிய இடத்தில் ஒரு விரல் அன்று, மூன்று விரல்கள், பக்கத்துத் தந்தியைத் தீண்டாமல் இறங்கவேண்டும் என்னும்போது, புதியவனின் கை தயங்கி நிற்பதில் வியப்பென்ன?

ஆகவே, பாட்டின் கடினத்தை அளக்க நான் பரிந்துரைக்கும் கணக்கு இது. ஒரு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, இரண்டு கூட்டுகளுக்கிடையே ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை தெளிவாக மாறமுடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர்கள் பலர் இதைத் தினசரிப் பயிற்சியாகவே வைத்திருக்கிறார்கள். பிறகு பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் காலப்பிரமாணத்தில் நிமிஷத்துக்கு எத்தனை தட்டுகள் விழுகின்றன, எத்தனை தட்டுகளுக்கு ஒருமுறை கூட்டு மாறுகிறது என்று பாருங்கள். நிமிஷத்துக்கு 80 தட்டுகள் உள்ள பாட்டில் நான்கு தட்டுக்கு ஒருமுறை கூட்டு மாறினால், பாட்டு உங்களிடம் கேட்பது நிமிஷத்துக்கு 20 மாற்றங்கள். உங்கள் கை 30 மாற்றங்கள் தரவல்லதாயின் அந்தப் பாட்டு இன்றே உங்களுடையது. 15 தான் தருமாயின், இன்னும் சில நாள் பொறுப்பதே உசிதம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் காதின் தீர்ப்பு எவ்வளவு தூரம் பிழைபடுகிறது என்பது விளங்கும். அமெரிக்கா என்ற பெயருடைய குழுவின் 'எ ஹார்ஸ் வித் நோ நேம்' என்ற பாடல் நிமிஷத்துக்குச் சுமார் 120 தட்டுகளில் துரிதமாக ஓடுகிறது. பீட்டில்ஸின் 'லெட் இட் பீ', சுமார் 70 தட்டுகளில் பிரார்த்தனைபோல் நிதானமாகச் செல்கிறது. எதை முதலில் கற்பது என்று கேட்டால், எவரும் பின்னதையே காட்டுவர். ஆனால் முன்னதில் பாட்டு நெடுகிலும் இரண்டே கூட்டுகள், நான்கு தட்டுக்கு ஒருமுறை மாறுகின்றன: நிமிஷத்துக்கு 30 மாற்றங்கள். பின்னதில் பெரும்பாலும் இரண்டு தட்டுக்கு ஒருமுறை மாற்றம் வருவதால், நிதானமான அந்தப் பாட்டு கையிடம் கேட்பது 35 மாற்றங்கள்! அதோடு முடியவில்லை. முன்னதன் முதற்கூட்டான ஈ மைனரில் இரண்டாம் மெட்டில் ஐந்தாம், நான்காம் தந்திகளை அழுத்தும் இரண்டு விரல்களும், அடுத்த கூட்டுக்கு அதே மெட்டில் ஒரு தந்தி வெளிப்புறமாக விலகி, ஆறாம், மூன்றாம் தந்திகளில் அமர்ந்தால் வேலை தீர்ந்தது. பின்னதிலோ எஃப் மேஜர் வருகிறது. முதல் மெட்டிலேயே ஆறு தந்திகளையும் ஆட்காட்டி விரல் அழுத்தவேண்டிய கூட்டு அது. தந்தி தாங்கப்பட்டிருக்கும் கட்டைக்கு மிக அருகில் இருப்பதால், அங்கே அதை வளைக்க மற்ற இடங்களைவிட அதிக பலம் வேண்டும். 'லெட் இட் பீ' பியானோவை மையமாகக் கொண்ட பாட்டு. பியானோவில் சி-யும் எஃப்-பும் ஒரே அளவு எளியவை. ஒரு வாத்தியத்தில் எளிதாய்ப் பிறந்த பாட்டு மற்றொன்றில் அரியதாவது இவ்வாறே.

இதுவரை கையைப் பற்றிச் சொன்னேன். ஞாபகசக்திக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஒரே சமயத்தில் மனம் கையாளக்கூடிய விஷயங்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. அது ஏழை ஒட்டியது என்று ஜார்ஜ் மில்லர் 1956-ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் எழுதினார். பின்வந்த ஆராய்ச்சிகள் அதை நான்கு என்ற அளவுக்கே குறைத்துவிட்டன. புதிய மாணவனின் மனத்திலோ, எந்த விரல், எந்தத் தந்தி, எந்த மெட்டு, வலது கையின் வீச்சு மேலா கீழா, தாளம் எந்தத் தட்டில் நிற்கிறது, அடுத்த கூட்டு எது, பாட்டின் சொல் எது என்று இவ்வளவும் ஏககாலத்தில் மோதுகின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை சொல்லின் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்தை மறந்துவிடுவது போன்ற நிலை இது; அதே குழந்தை சில மாதங்களில் சொல்லை ஒரே பார்வையில் விழுங்கப் பழகியபின், எழுத்துகள் மனத்துக்குப் பாரமாக இருப்பதே இல்லை. ஸ்வரக்கூட்டும் அப்படியே: மூன்று விரல்களின் மூன்று இடங்களாக இருந்தது, பழகப் பழக ஒரே உருவமாகத் திரண்டுவிடுகிறது.

இவ்வாறு திரள்வது வெறும் ஊகமன்று. வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சதுரங்கப் பலகையொன்றை ஐந்து விநாடிகள் காட்டி மறைத்து, காய்களை நினைவிலிருந்து திரும்ப அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையாக இருந்தால் வல்லுநர் ஏராளமான காய்களைச் சரியாக வைத்தார். காய்களை மனம்போனபடி இறைத்துக் காட்டியபோது அவருக்கும் புதியவருக்கும் வித்தியாசம் இல்லாமற் போயிற்று. வல்லுநருடைய நினைவாற்றல் பிறரதைவிடப் பெரிதன்று. அவர் காய்களைத் திரள் திரளாகக் காணப் பழகியிருந்தார். 1995-ல் தாமஸ் எல்பெர்ட்டும் அவர் குழுவினரும், ஆறு வயலின்காரர், இரண்டு செல்லோக்காரர், ஒரு கிதார்க்காரர் ஆகிய ஒன்பது பேரின் இடது கை விரல்களைத் தொட்டு, அப்போது மூளையில் எழும் மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளந்தார்கள். அந்த விரல்களுக்கென்று மூளையின் மேற்பரப்பில் ஒதுங்கியிருந்த பகுதி, வாத்தியம் வாசிக்காதவர்களுடையதைவிட விரிந்திருந்தது. வலது கையில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. இளவயதில் தொடங்கியவர்களிடம் விரிவு அதிகம். சாதகம் என்பது மூளையில் தடம் பதிக்கும் காரியம் என்பதை இதைவிடக் கண்கூடாகக் காட்டுவது அரிது.

இதிலிருந்து பாட்டுத் தேர்வுக்கு ஓர் உபாயம் கிடைக்கிறது: முதற்பாட்டு, ஏற்கெனவே உங்களுக்கு மனப்பாடமான பாட்டாக, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடக்கூடியதாக இருக்கவேண்டும். சொல்லும் ராகமும் தாளமும் சிந்தனையின் உதவியின்றித் தாமே ஓடுமாயின், மனத்தின் அந்தச் சில இடங்கள் முழுவதும் விரல்களுக்குக் கிடைக்கும். பயிற்சிப் புத்தகம் சொல்கிறதே என்பதற்காக, கேட்டறியாத அந்நிய நாட்டுப் பாட்டைத் தொடங்குகிறவர் இரண்டு பாரங்களை ஒருங்கே தூக்குகிறார். பிடித்த பாட்டைக் கற்பது இன்பத்துக்காக மட்டும் என்று எண்ணவேண்டாம். அதற்கு வலுவான விஞ்ஞான நியாயமும் இருக்கிறது.

நம்மவர்களுக்குப் பிடித்த பாட்டு என்றால் இளையராஜாவின் பாட்டு முன்னால் வந்து நிற்கும் என்பது இயல்பே. அவரே கிதார் வாசிப்பவர். 'மூடுபனி' படத்தில் 1980-ல் வந்த 'என் இனிய பொன் நிலாவே', 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் 1982-ல் வந்த 'இளைய நிலா' ஆகியவற்றைக் கேட்டுக் கிதார் வாங்கியவர்கள் நம் நாட்டில் எத்தனையோ பேர். ஆயினும் அந்தப் பாடல்களில் நம்மை மயக்குகிற பகுதி, கூட்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தனித்தனித் தந்தியில் சரம் சரமாக மீட்டும் நுட்பமான விரல் வேலை. அது பல வருஷச் சாதகத்தின் பலன். அங்கேயே தொடங்க முயல்கிறவர் விரைவில் சோர்ந்துபோவார். ஒரு பாட்டில் பாடகருக்கு அடியில் ஒலிக்கவேண்டிய கூட்டுகள் ஒன்று. கிதார் தனித்து முழங்கும் இடங்கள் மற்றொன்று. ஆரம்பத்தில் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓர் ஆவர்த்தத்துக்கு ஒரே ஒரு மீட்டு மீட்டி, மேலே தாமே பாடிக்கொண்டால், மேற்சொன்ன கணக்குக்கு அடங்கும் தமிழ்ப் பாடல்கள் எத்தனையோ அகப்படும். கமகம் நிறைந்த பாட்டின் ராகத்தையே தந்தியில் வாசிக்கும் ஆசையை மட்டும் பிற்காலத்துக்கு வைத்துக்கொள்வது நலம்; வீணையில் தந்தியை இழுத்து அசைத்துப் பெறும் அந்தக் குழைவு, கிதாரிலும் இயலுமாயினும், தனியொரு கல்வியாகும்.

ஒரு பாட்டு போதாது. சேர்ந்தாற்போல் மூன்று வேண்டும். காரணத்தை ஜான் ஷேயும் ராபின் மார்கனும் 1979-ல் காட்டினர். அவர்கள் பரிசோதனையில், கையில் டென்னிஸ் பந்தொன்றை ஏந்தி, சிறு மரத் தடுப்புகளைக் குறித்த வரிசையில் தட்டி வீழ்த்தும் மூன்று விதமான அசைவுகளைக் கற்கவேண்டும். ஒரு சாரார் முதல் விதத்தை முழுவதும் முடித்து இரண்டாவதுக்கும், அதை முடித்து மூன்றாவதுக்கும் சென்றனர். மற்றொரு சாரார் மூன்றையும் ஒழுங்கின்றிக் கலந்து பழகினர். பழகும்போது முன்னவர்களே வேகமாக முன்னேறினர். ஆனால் பத்து நிமிஷங்களுக்குப் பின்னும், பத்து நாட்களுக்குப் பின்னும் சோதித்தபோது, தடுமாறிக் கற்ற இரண்டாம் சாராரே மேம்பட்டு நின்றனர். ஒரே பாட்டை நூறு தடவை வாசிக்கிறவருடைய விரல்கள் அந்தப் பாட்டின் வரிசையைக் கற்கின்றன. அதே கூட்டுகள் வேறு வேறு வரிசையில் வரும் மூன்று பாடல்களை மாற்றி மாற்றி வாசிக்கிறவருடைய விரல்கள் கூட்டுகளையே கற்கின்றன. சாதகத்தின்போது அது மந்தமாகத் தோன்றும், அதற்காகத் தளரக்கூடாது.

உலகெங்கும் பயிலப்படும் பாடல்களிலிருந்தே ஓர் உதாரணத் தொடர் சொல்லலாம். ஹாங்க் வில்லியம்ஸ் 1952-ல் பாடிய 'ஜம்பாலயா'வை ஜி, டி என்ற இரண்டே கூட்டுகளால் வாசித்துவிடலாம். பாப் டிலனின் 1963-ஆம் வருஷத்து 'புளோயிங் இன் தி விண்ட்' அவற்றோடு சி என்ற ஒன்றை மட்டும் சேர்க்கிறது. டிலனும் ஏழாம் மெட்டில் கேப்போ வைத்து இந்த உருவங்களையே கையாண்டார். அவருடைய 1973-ஆம் வருஷத்து 'நாக்கிங் ஆன் ஹெவன்ஸ் டோர்' அம்மூன்றோடு ஏ மைனரைச் சேர்க்கிறது. இவற்றை அறியாதவர்கள் தமக்குப் பழக்கமான தமிழ்ப் பாடல்களை இதே முறையில் அடுக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு புதிய பாட்டும் பழைய கூட்டுகளை மீண்டும் வேறு வரிசையில் பழக்கி, புதியது ஒன்றே ஒன்றைக் கொண்டுவரவேண்டும் என்பதுதான் முக்கியம்.

இந்தத் தொடரில் நான்காவதாக, முன்னர் ஒதுக்கி வைத்த 'லெட் இட் பீ' தாராளமாக வரலாம். அதன் பிரதானமான நான்கு கூட்டுகளில் சி, ஜி, ஏ மைனர் மூன்றும் இப்போது கைவந்தவை. எஃப் ஒன்றே பாக்கி. அதற்கும் ஆறு தந்திகளையும் அழுத்தவேண்டிய அவசியமில்லாத ஒரு சிறிய உருவம் உண்டு. சி மேஜரில் கையை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் தந்தியின் மூன்றாம் மெட்டிலுள்ள மோதிர விரலை அதே மெட்டில் நான்காம் தந்திக்கும், நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டிலுள்ள நடுவிரலை அதே மெட்டில் மூன்றாம் தந்திக்கும் நகர்த்துங்கள். ஆட்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் மெட்டில் இருந்தபடியே இருக்க, அதன் நுனியைச் சற்றுச் சாய்த்து முதல் தந்தியையும் சேர்த்து அழுத்துங்கள். தடித்த இரண்டு தந்திகளையும் விட்டுவிட்டு, மெல்லிய நான்கை மட்டும் மீட்டினால் ஒலிப்பது எஃப் மேஜர். நிமிஷத்துக்கு 20 மாற்றங்களே முதலில் கைகூடினாலும், காலப்பிரமாணத்தைப் பாதியாக்கிக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிடலாம்.